வெயில் அடுப்பு யாருடையது

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. சண்டைக் காலத்தில் அந்த ஒழுங்கையில் வாடகைக்கு ஆள் வைக்காத வீடு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து விசாவுக்காகவும் வைத்தியத்துக்காகவும் வருபவர்கள் வீடு வீடாக அறை கேட்டுத் திரிவார்கள். நாங்களும் மேல்மாடியில் இருந்த ஒற்றை அறையைக் கொடுத்தோம். அறைக்கு முன்னால் மொட்டைமாடி. அதில் நின்றால் தென்னைகளுக்கு மேலால் ரயில் பாதையும் கடலும் தெரியும்.

வந்தவர்களைப் பொலிஸில் பதிவது வீட்டுக்காரனின் பொறுப்பு. அவர்களில் பெரும்பாலானோருக்குச் சிங்களம் தெரியாது. ஆகவே பதிவுக்கும் சோதனைக்கும், சில வேளை மீன்காரனுக்கும்கூட, நானே அவர்களுடைய வாயாக இருந்தேன். இளம் வயதில் காலியிலும் மாத்தறையிலும் வேலை பார்த்தவன் நான். என் சிங்களத்தில் தமிழ் வாடையே இல்லை என்று கந்தோரில் என்னோடு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சுற்றிவளைப்பு நாட்களில் பக்கத்து வீடுகளிலிருந்தும் என்னைக் கூப்பிட ஆள் வரும். ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவருக்குச் சொல்லும்போது இரண்டு பக்கமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

மின்வெட்டு அதிகமாக இருந்த வருடம் அது. அறைக்கு ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். மூத்தவளுக்கு என் மகளின் வயது, பதினொன்று. சின்னவனுக்கு ஆறு. கணவர் கனடாவில். சின்னவன் வயிற்றில் இருக்கும்போதே போனவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அவர் எடுப்பார். சின்னவன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பான். தகப்பனைப் படத்தில் மட்டும் கண்ட பிள்ளை. விசாவுக்கான நேர்முகத்துக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தாய் காத்திருந்தார். அந்தத் திகதி வந்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இன்றோ நாளையோ போகப்போகும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது இலேசாக இருக்கவில்லை. பகல் முழுவதும் அவர்கள் மொட்டைமாடியில் கிடந்தார்கள். என் மகளுக்கு விடுமுறை விட்டதும் அவளும் அங்கே ஏறிவிட்டாள். தாய் மாடியின் ஒரு மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைப்பார். ஒரு நாள் மூத்தவள் என்னிடம், யாழ்ப்பாணத்தில் எண்ணெய் கிடைக்காத நாட்களில் பனைமட்டை எரித்ததைப் பற்றிச் சொன்னாள். இங்கே பனை இல்லையே, எண்ணெய் முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நான் மேலே சூரியனைக் காட்டினேன்.

நான் பௌதிகவியல் படித்துப் பட்டம் பெற்றவன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு திணைக்களத்தில் கோப்புகளை மேசைக்கு மேசை தள்ளிக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது எனக்குப் போதை மாதிரி இருந்தது.

கிராண்ட்பாஸில் தேயிலைக் களஞ்சியம் ஒன்றில் எனக்குத் தெரிந்தவர் இருந்தார். ஒரு பக்கம் உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்றை அவரிடம் வாங்கி, பஸ் கொண்டக்டரோடு வாக்குவாதப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பெட்டிகள் மெல்லிய பலகையால் ஆனவை. தேயிலைக்கு ஈரம் பிடிக்காமல் உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். வெயில் அடுப்புக்கு வேண்டியது பாதி அதிலேயே இருந்தது. அதற்குள் ஒரு சிறிய அட்டைப் பெட்டியை இறக்கினோம். இரண்டுக்கும் இடையில் பிள்ளைகள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்தார்கள். சட்டியின் வெளிப்பக்கத்துக்குச் சின்னவன் விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினான். சட்டியைவிட அவன் வயிறு கறுப்பாக இருந்தது. மேலே மூட, உடைந்த யன்னலில் இருந்து ஒரு கண்ணாடித் தகடு. கறுப்பு ஏன் வெயிலைக் குடிக்கிறது, கண்ணாடி ஏன் வெயிலை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாது என்று நான் விரிவுரை நிகழ்த்தினேன். மூத்தவள் கேள்வி கேட்பாள். என் மகள், "அப்பா, காணும், பசிக்குது" என்பாள்.

முதல் நாள் முட்டை அவித்தோம். இரண்டாம் நாள் அரிசி போட்டோம். காலை வெயில் ஏறியதும் வைத்தது, பகல் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வெந்தது. குழைந்துபோன அந்தச் சோற்றைப் பிள்ளைகள் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு ஒரு பருக்கை விடாமல் தின்றார்கள். அதன் பிறகு தாயும் அதில் பருப்பு வைக்கத் தொடங்கினார். சூரியன் நகர நகரப் பெட்டியைத் திருப்ப வேண்டும். அந்த வேலையைச் சின்னவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சோறு நேரத்துக்கு வேக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அலுமாரிக் கதவிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, பெட்டிக்குப் பின்னால் சாய்த்துக் கம்பியால் கட்டினேன். வெயில் அதில் பட்டுச் சட்டிக்கு மேல் விழுந்தது. சோறு உண்மையிலேயே விரைவாக வெந்தது.

தாய் அதைக் கண்டதும் தயங்கினார். யாழ்ப்பாணத்தில் பொம்பர் வரும் காலத்தில் யாரும் வெளியில் மினுங்கும் சாமான் வைப்பதில்லை, தகரப் பானையைக்கூட முற்றத்தில் கவிழ்த்துவிட மாட்டார்கள் என்றார். "அண்ணை, இது தூரத்துக்கு அடிக்கும். ஆராவது ஏதும் சொல்லுவினம்."

"இது வெள்ளவத்தை, தங்கச்சி. இஞ்சை ஆரும் வந்து குண்டு போடமாட்டினம்" என்று சிரித்தேன். என் மகளும் சிரித்தாள். கரையோரமாக ஹெலிகொப்டர் போனால் அந்தப் பிள்ளைகள் இரண்டும் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஓடிப் பதுங்குவார்கள். அதற்கும் நாங்கள் சிரித்திருக்கிறோம். தாய் சமைத்து முடிந்ததும் கண்ணாடியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடுவார். பிள்ளைகள் அதை எடுத்துவிட்டு, கண்ணாடியை அசைத்து அசைத்துத் தென்னை ஓலைகளில் வெளிச்சம் ஓடவிட்டு விளையாடுவார்கள். ஓலைகளுக்கு அப்பால் ரயில் பாதையோரம் ஒரு காவலரண் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நேர்முகத்துக்குத் திகதி வந்தது. ஒரு வியாழக்கிழமை. தாய் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் அந்தக் கடிதத்தை வைத்து விழுந்து கும்பிட்டார். நகரில் பெரிய குண்டொன்று வெடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எங்கும் கெடுபிடி.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் சுகமில்லை என்று வீட்டில் நின்றேன். முற்பகலில் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். மாடியிலிருந்து கடலுக்கு வெளிச்சத்தால் சைகை காட்டுவதாக யாரோ அறிவித்திருக்கிறார்கள். நான் கட்டியிருந்த சாரத்தோடு அவர்களுக்கு முன்னால் படியேறினேன். மேலே பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. தாய் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். என் மகள் பெட்டிக்குப் பக்கத்தில்.

சப் இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார், கறுப்புச் சட்டியைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்து, அதன் நேருக்குக் கடலைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "மேக்க காகெத, மாத்தயா?" என்றார். இது யாருடையது என்பதுதான் கேள்வி. மரியாதையாகவே கேட்டார்.

மேல்மாடி ஆட்களுடையது என்று சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

நான் அரசாங்க ஊழியன். தமிழன். என்னைக் கொண்டுபோனால் வேலை போய்விடும் என்று பயந்தேன். ஒரு பெண், பிள்ளைக்காரி, அவர் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அப்போதே அப்படி நினைத்தேனா, அல்லது பிறகு எனக்குச் சொல்லிக்கொள்வதற்காக உண்டாக்கினேனா என்பது இன்று எனக்கே நிச்சயமில்லை.

இதைச் செய்ய யார் பழக்கியது என்று அவரிடம் கேட்கும்படி சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் தாயிடம் திரும்பி அதைத் தமிழில் சரியாகவே கேட்டேன்.

அவருடைய முகம் சற்றுத் தெளிந்தது. "அண்ணைதானே செய்து தந்தவர். நீங்கள்தான் எண்டு சொல்லுங்கோ. படிச்ச மனுசன் எண்டு தெரிஞ்சா மரியாதையா விட்டிடுவினம்."

நான் சிங்களத்துக்குத் திரும்பி, அங்கே எண்ணெய்த் தட்டுப்பாட்டில் பழகியது என்கிறார் என்று சொன்னேன்.

ஒரு வாடையும் இல்லாத சிங்களம். சொற்கள் தடங்கலே இல்லாமல் வந்தன. அங்கே பழகியது என்ற அந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் புலிகளிடம் பயிற்சி எடுத்தது என்றுதான் அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. சப் இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. கூட வந்தவன் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். தாய் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் அவருக்காக நல்லதாக ஏதோ சொல்லியிருக்கிறேன் என்று நம்பித்தான் அந்தத் தலையாட்டல். பொலிஸ்காரர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு வரவேண்டும் என்றார்கள். "சும்மா ஒரு விசாரணையாம். பின்னேரம் விட்டிடுவினமாம்" என்று அவரிடம் சொன்னேன். பின்னேரம் என்று அவர்கள் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது. அவர் பருப்பை இறக்கிவைத்துவிட்டு, சின்னவனுக்குக் காரம் கூடிவிட்டால் தேங்காய்ப்பால் விடும்படி மூத்தவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவரையும் பெட்டியையும் ஏற்றிய ஜீப் ஒழுங்கையைத் தாண்டியதும் நான் திரும்பினேன். என் மகள் இன்னும் அதே இடத்தில் நின்றாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

அன்று மாலை மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "மகள் ஒண்டு சொல்லுறாள். உண்மையோ?"

"அவளுக்குச் சிங்களம் வடிவா விளங்காது" என்றேன்.

"அவள் சிங்களத்திலை பரிசு எடுத்தவள். மேடையிலை குடுக்கேக்கை நீங்கள்தானே முன்னுக்கு இருந்து கை தட்டினது." அவள் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ. வியாழக்கிழமை அவ நேர்முகத்துக்குப் போக வேணும்."

புதன்கிழமை நீளக் காற்சட்டையும் சேட்டும் போட்டுக்கொண்டு போனேன். பொலிஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. அதற்குள் இருந்து ஒரு பிளேன் டீ குடித்தேன். சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் மனதுக்குள் ஒழுங்குபடுத்தினேன். பிழையில்லாத வாக்கியங்கள். இன்னொரு டீ குடித்தேன். நேற்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால் அதற்கு என்னிடம் வாக்கியம் இருக்கவில்லை. வீதியைக் கடக்காமலே திரும்பிவந்து, பெரியவர் இல்லை, நாளைக்கு வரச் சொன்னார்கள் என்று மனைவியிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை மூத்தவள் தாயின் சேலையைச் சுருக்கமில்லாமல் மினுக்கிக் கதவில் தொங்கவிட்டிருந்தாள். தம்பிக்குப் புதுச் சேட்டுப் போட்டு, எண்ணெய் வைத்துத் தலை இழுத்து வாரியிருந்தாள். தாய் வந்தால் நேரே புறப்படலாம் என்று இரண்டு பேரும் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கந்தோருக்குப் போக அந்த வழியால்தான் போகவேண்டும். அவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவீர்களா என்று சின்னவன் கேட்டான். ஓம் என்றேன். கந்தோருக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமைதான் என்னோடு வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குள் போனேன். யார் செய்தது என்ற கதையை அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. அவரே பேசினார். இது வெயிலில் சமைக்கும் பெட்டி, தன் மகனும் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒன்று செய்தவன், வேண்டுமென்றால் ஒரு முட்டையை வைத்துப் பாருங்கள் என்றார். ஓர் அதிகாரி சிரித்தார். இவ்வளவு நாளும் யாராவது இதைச் சொல்லியிருக்கலாமே என்றார். கொஞ்ச நேரத்தில் தாயை வெளியே விட்டார்கள். எல்லாவற்றையும் முடிக்க அவ்வளவுதான் தேவைப்பட்டிருந்தது.

ஓட்டோவில் வரும்போது பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டார். சாப்பிட்டார்கள் என்றேன். கொஞ்சத் தூரம் போனதும், "வியாழக்கிழமை போயிட்டுது, என்ன?" என்றார். ஓம் என்றேன்.

நான் பார்வையை வீதியில் வைத்திருந்தேன். அவர்தான் மறுபடி கதைத்தார்.

"அங்கை தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தவர், அண்ணை. முஸ்லிம் ஆள். நீங்கள் சொன்னதெண்டு எழுதி வைச்சிருந்ததை எனக்கு வாசிச்சுக் காட்டினவர்."

ஓட்டோக்காரர் எதற்கோ ஹோர்ன் அடித்தார்.

"நான் மறுத்துச் சொல்லேல்லை. உங்களையும் கொண்டுவந்து இருத்தினா, என்ரை பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

அவருடைய குரலில் கோபம் இல்லை. என்னைக் காப்பாற்றிய பெருமையும் இல்லை. அவர் கணக்குப் பார்த்திருந்தார். தன் பிள்ளைகள் இருப்பது என் வீட்டில். என்னை விட்டால் அவர்களுக்கு அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. என்னைப் போல ஓர் ஆளை நம்பித்தான் அவர் அங்கே பேசாமல் இருந்திருக்கிறார். 

அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு எடுத்தார். புது இடத்து விபரம் சொன்னேன். இவ்வளவு நாளும் தன் குடும்பத்தைப் பார்த்ததற்கு அவர் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். அவருக்கு மனைவி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நானும் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். தவறவிட்ட நேர்முகத்துக்குப் பதில் இன்னொரு திகதி கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது என்று பிற்பாடு அறிந்தேன். அவ்வளவு காலமும் சின்னவன் ரிசீவரில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்திருப்பான்.

என் மகள் இதைப்பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. வளர்ந்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது வந்தபோது நான் வழக்கம்போல முன்னால் நடந்தேன். "நீங்கள் வெளியாலை நில்லுங்கோ அப்பா, நான் கதைக்கிறன்" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை அவளுக்காக நான் எவரிடமும் கதைத்தது கிடையாது. இப்போது டொக்டரிடம் போனால் எனக்காக அவள்தான் கதைக்கிறாள். நான் சொல்வதை ஒன்றும் குறைக்காமல் சொல்கிறாள். கவனித்துப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சில மாதங்களில் ஒரு தடவை நான் அவர்களைத் தேடிப் போனேன். செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகும் கூட்டத்தோடு பஸ்ஸில் நெரிபட்டு இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தேன். சொல்ல வேண்டியதை இம்முறை தமிழில் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். நான் பயந்துவிட்டேன், உங்களைக் காட்டிக்கொடுத்து என்னைக் காப்பாற்றினேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்றே வாக்கியம்.

ஒரு கடைக்கு மேலே இருந்த அறை. என்னைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். சின்னவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இங்கே மொட்டைமாடி இல்லை, யன்னலால் காலையில் மட்டும் கொஞ்ச வெயில் வரும், அதில் ஏதாவது வேகுமா என்று மூத்தவள் கேட்டாள். தாய் வாடிப்போயிருந்தார். என்னை உட்காரச் சொல்லித் தேநீர் தந்தார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "தங்கச்சி, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"விடுங்கோ அண்ணை" என்றார். பிறகு என் மேல் சாய்ந்து நின்ற சின்னவனைக் கண்ணால் காட்டினார். "பிள்ளையளுக்கு முன்னாலை வேண்டாம்."

அவர்களிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. அவர்களுக்கு நான் இன்னமும் மாமாவாகவே இருந்தேன். பிள்ளைகளைக் கீழே கடைக்கு அனுப்பும்படி நான் கேட்டிருக்கலாம். படியில் இறங்கும்போது வழியனுப்ப வந்தவரிடம் சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் போயிருக்கலாம். அவர்கள் அதன் பிறகும் அந்த அறையில்தான் இருந்தார்கள். பஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். பிள்ளைகளின் தலையைத் தடவினேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் நெஞ்சு இலேசாகியது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இனி நான் அதைச் சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தை வரும்வரை எனக்கு அந்த ஆறுதல் இருந்தது. மாடியில் நின்று சொன்ன பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று யாராவது ஒருவேளை மன்னிக்கக்கூடும். அந்த ஆறுதலுக்கு எந்தப் பயமும் காரணம் இல்லை.